பிஞ்சராப்போல்: ஒரு சொல்லும் ஓர் அற வினாவும்

ஆங்கில அகராதிகளில் ஆங்கிலேயரே பெரும்பாலும் அறியாத சொற்கள் பல உள்ளன. ‘பிஞ்சராப்போல்’ என்பது அவற்றுள் ஒன்று. இலண்டன் நகரத் தெருவில் நின்று நூறு பேரைக் கேட்டாலும் ஒருவரேனும் இதற்குப் பொருள் கூறுவரா என்பது ஐயமே. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பத்தார்க்கோ இச்சொல் புதிதன்று. பாடி, வில்லிவாக்கம் வழியாக நகரினுள் செல்வோர் பலர் அயனாவரம் கொன்னூர் நெடுஞ்சாலையில் ‘மெட்ராஸ் பிஞ்சராப்போல்’ என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். 1906-இல் தோன்றி, கறவை நின்ற பசுக்களையும் முதுமையுற்ற மாடுகளையும் பேணிவரும் அறநிலையம் அது. பெற்றோரின் நினைவு நாள், மகாவீரர் ஜயந்தி, நோன்பு நிறைவு போன்ற நாள்களில் இத்தகைய நிலையங்களுக்குப் புல்லுக்கும் தீவனத்துக்கும் எனப் பொருள் அனுப்பும் வழக்கம் நம்மவருள் உண்டு. பற்றுச்சீட்டில் அச்சிட்ட பெயரைப் படிப்பவர் பலர். அதன் பொருள் யாது என்று கேட்பவர் சிலரே. கேட்டுப் பார்த்தால், அவ்வினா நேரே இல்லறத்தாரின் முதல் அணுவிரதத்தில் கொண்டுபோய் நம்மை நிறுத்துகிறது. ஆகவே அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது விரிவாகவே நோக்குவோம்.

இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்த சொற்களைத் தொகுத்த நூல்களுள் தலையாயது ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் சொற்களஞ்சியம். ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் என்னும் இருவரின் உழைப்பில் விளைந்து 1886-இல் வெளிவந்தது. பர்னல் நம் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர். தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். அங்குள்ள அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். நூல் வெளிவரும் முன்பே 1882-இல் மறைந்தார். பின்னர் 1903-இல் வில்லியம் குரூக் என்பவர் குறிப்புகள் சேர்த்து அந்நூலை மீண்டும் பதிப்பித்தார். பிஞ்சராப்போல் என்பது விலங்குகளுக்கான மருத்துவமனை என்றும், ஒருவேளை குசராத்தில் மட்டுமே இருக்கக்கூடும் என்றும் அந்நூல் கூறுகிறது. அப்பதிப்பு வெளிவந்த மூன்றாம் ஆண்டிலேயே சென்னையில் ஒன்று எழுந்துவிட்டது! அகராதி எழுதுவோர் ‘மட்டுமே’ என்னும் சொல்லை அஞ்சி ஆளவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அந்நூல் காட்டும் பழைய மேற்கோள்களுள் ஒன்று 1808-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கம்பெனி மருத்துவர் டிரம்மண்டு என்பவர் எழுதியது. குசராத்து வணிகரிடையே ஒவ்வொரு திருமணத்தின்போதும், ஒவ்வொரு வாணிக ஒப்பந்தத்தின்போதும் பிஞ்சராப்போலின் பெயரால் ஒரு தொகை தண்டப்படுகிறது என்பது அவர் தரும் செய்தி. பெயரளவிற்கு அதற்கென்று சொல்லித் தண்டுகிறார்கள் என்னும் ஐயக் குறிப்பையும் அவர் சேர்த்தே வைக்கிறார். அவருடைய ஐயம் சரியோ தவறோ, ‘பெயரளவிற்கு’ என்னும் அக்குறிப்பை வாசகர்கள் நினைவில் இருத்திக் கொள்ளவேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

சொல்லின் முற்பகுதியில் ஐயமில்லை. ‘பிஞ்சரா’ என்றால் கூண்டு. வடமொழியில் ‘பஞ்சரம்’. தமிழிலும் கிளிக்கூண்டைப் பஞ்சரம் என்று இலக்கியங்கள் வழங்கும்; கோயில் விமானத்தின் உறுப்பொன்றுக்கும் அதே பெயர் உண்டு. தென் மாவட்டச் சிற்றூர்களில் கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடையைப் ‘பஞ்சாரம்’ என்பார்கள். கல்லாத மூதாட்டியின் நாவிலும் வழங்கும் சொல் அது. இங்கே ஒன்றைக் கருதிப் பார்க்கலாம். குஞ்சுகளோடு கூடிய தாய்க்கோழியைப் பருந்தினிடமிருந்தும் பூனையினிடமிருந்தும் காப்பது பஞ்சாரம். விருந்தினர் வந்த அன்று அதே கோழி ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் அதே பஞ்சாரம். கூடை ஒன்றுதான், அதைக் கவிழ்த்தவன் உள்ளத்தில் இருப்பது என்ன என்பதைக் கூடையைப் பார்த்து அறிய இயலாது.

பிற்பகுதியில்தான் அறிஞர் வேறுபடுகின்றனர். குரூக் தம் பதிப்பில் சேர்த்த குறிப்பின்படி ‘போலா’ என்பது காளை. சிவன் பெயரால் விடப்பட்ட காளைக்குரிய கூண்டே பிஞ்சராப்போல். மற்றொரு விளக்கம், ‘போள்’ என்னும் குசராத்திச் சொல்லை அடிப்படையாகக் கொண்டது. வாயில் உடையதும், நாற்புறமும் வீடுகள் சூழ்ந்து அடைபட்டதுமான தெருவை ஆமதாபாத் நகரில் இன்றும் போள் என்கின்றனர். வாயிலையும் தெருவையும் குறிக்கும் ‘பிரதோளி’ என்னும் வடசொல்லின் திரிபு அது என்பர். அவ்வாறாயின் கூண்டுகள் உள்ள அடைப்புத் தெரு என்பது பொருளாகும்.

நமக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. காரணம் எளிது. கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளை என்பது விடப்பட்ட காளை. எவர் வயலிலும் மேயலாம், எவரும் அதட்டக்கூடாது என்பதே அதன் சிறப்பு. அதற்குக் கூண்டு எதற்கு? மேலும், அந்நிலையங்கள் பழங்காலத்திலேயே பறவை, நாய், பூனை, ஆடு அனைத்தையும் ஏற்றன. காளையைக் கொண்டு பெயரிட இடமில்லை.

சொல்லின் ஒலியைக் கொண்டு பொருள் புனைவது எந்நாட்டிலும் உள்ளதே. நம் ஆவடியையே எடுத்துக் கொள்வோம். கவச ஊர்திகளும் படைக்கலக் கிடங்கும் என்னும் பொருள்பட்ட நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே ‘ஆவடி’ என்னும் பெயர் வந்தது என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். கனரக ஊர்தித் தொழிற்சாலை அங்கு நிறுவப்பட்டது 1961-இல். காங்கிரசுப் பேரவை கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது 1955-இல். அன்றே அதற்கு ஆவடித் தீர்மானம் என்று பெயர். ஆனினம் மிகுந்திருந்த இடமாதலின் ஆவடி என்பர் சிலர். அது மெய்யோ அன்றோ, முதலெழுத்துக் கதையைவிடக் கேட்க இனியது. அம்பத்தூர் ஐம்பத்தோராவது சக்தித் தலம் என்பாரும் உளர். பூவிருந்தவல்லியை ஆங்கிலேயர் ‘பூனமல்லி’ ஆக்கினர், பேருந்து நடத்துநர் ‘பூந்தமல்லி’ ஆக்கினார். ஊர் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது.

தமிழ்ச் செவிக்கு மற்றொன்றும் தோன்றும். ‘போல்’ என்பது நமக்கு உவமை உருபு. பிஞ்சராப்போல் என்று கேட்டவுடன் ‘கூண்டைப் போல’ என்று பொருள் கொள்ளவே மனம் செல்கிறது. சொல்லாராய்ச்சியில் இதற்கு மதிப்பில்லை. எனினும் கூண்டா, கூண்டு போன்றதொன்றா என்னும் வினா தள்ளத்தக்கதன்று.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்தல் இந்நாட்டில் மிகத் தொன்மையான அறம். அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் ஆகிய இருவகை மருத்துவ ஏற்பாடுகளைக் கூறுகிறது. தம் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாற்பட்ட சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் அவ்வாறு செய்ததாக அம்மன்னர் பொறித்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் காம்பே துறைமுகத்துக்கு வந்த ஆங்கில வணிகர் ரால்ப் பிட்சு, அங்கே முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவமனைகள் இருந்ததையும், எறும்புக்கும் உணவிட்டதையும் வியந்து எழுதினார்.

அவரினும் கூர்ந்து நோக்கியவர் இத்தாலியப் பயணி பியட்ரோ தெல்லா வல்லே. 1623-இல் காம்பேயில் பறவை மருத்துவமனையொன்றை அவர் நேரில் கண்டார். நோயுற்றவை, கால் ஒடிந்தவை, துணை இழந்தவை எனப் பல பறவைகள் அங்கிருந்தன. அவற்றினிடையே தாயை இழந்த சின்னஞ்சிறு எலிக்குஞ்சுகளைப் பஞ்சில் வைத்து, மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர் பறவை இறகால் பால் ஊட்டிக் கொண்டிருந்தாராம். வளர்ந்ததும் அவற்றை விட்டுவிடுவதாகவும் சொன்னாராம். இம்முதியவரின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் உருவம் நம் கண்முன் நிற்கிறது. தெல்லா வல்லே தரும் மற்றொரு குறிப்பு இன்னும் முதன்மையானது: உடல் தேறியபின் காட்டுப் பறவைகளைப் பறக்க விட்டுவிடுவர், வீட்டுப் பறவைகளை அருளுடையார் எவரிடமேனும் ஒப்படைப்பர். கூண்டு இருந்தது. ஆனால் அதற்கு ஒரு முடிவு நாளும் இருந்தது.

பம்பாயின் கதை வேறுவிதம். 1832-இல் தெருநாய்களைக் கொல்லுமாறு அரசு ஆணையிட்டது. பார்சி மக்கள் கொதித்தெழுந்தனர், கடைகள் அடைக்கப்பட்டன, கலகம் மூண்டது. அதன் பின்னரே, 1834-இல், பார்சியாராகிய ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் அமிசந்து ஷாவும் முன்னின்று பம்பாய்ப் பிஞ்சராப்போலை நிறுவினர். கொலைக்கு மாற்றாகக் கூண்டு வந்தது என்பதை இங்கே மறக்கலாகாது. கூண்டைக் குறை கூறுமுன், அது எதன் இடத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும்.

இனி நம் நூல்களுக்கு வருவோம். கொல்லாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தான் அதனின்றும் வழுவும் இடங்கள் ஐந்து என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுக்கிறது. அவை அதிசாரங்கள் எனப்படும். அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றல், உணவும் நீரும் தடுத்தல் ஆகிய நான்கையும் எவரும் எளிதில் குற்றம் என்று ஒப்புவர். ஆனால் ஐந்தனுள் முதலாவதாக உமாஸ்வாமி வைத்திருப்பது பந்தம், அதாவது கட்டுதல். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும் அது இடம்பெறுகிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் குறள் வெண்பாவால் இயன்றதே அருங்கலச்செப்பு. (இரத்தினத்தை அருங்கலம் என்றும், கரண்டகத்தைச் செப்பு என்றும் பெயர்த்த அப்புலவரின் திறம் தனியே பாராட்டத்தக்கது.) ஆக, கட்டி வைத்தல் வழு என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கட்டுதல் என்றால் கயிற்றால் கட்டுதல் மட்டுமா? சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர் இதனைத் தெளிவாக்குகிறார். ஓர் உயிர் தான் விரும்பிய இடத்துக்குச் செல்வதைத் தடுக்கும் காரணம் எதுவோ அதுவே பந்தம் என்பது அவர் தரும் இலக்கணத்தின் கருத்து. கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை. செலவைத் தடுப்பது எதுவும் பந்தமே. இவ்விலக்கணத்தின்படி நான்கு சுவரும் பூட்டிய வாயிலும் பந்தமாகும். அவ்வாறாயின், கூண்டு என்னும் சொல்லையே பெயரில் தாங்கிய ஒரு நிலையம் எங்ஙனம் ஜீவதயையின் சின்னமாகும்? கொல்லாமையைப் போற்றுவதற்கென்று எழுந்த இடம், கொல்லாமை விரதத்தின் முதல் வழுவைத் தன் பெயராகவே சூடி நிற்பதா?

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்று அதே அத்தியாயம் கூறுகிறது. தீய எண்ணம் இல்லாமல், காக்கும் நோக்கோடு அடைத்து வைத்தால் குற்றமில்லை என்பர். இவ்விடை பாதி சரி. மறுபாதியைச் சொல்லாமல் விடுவதால் பெருந்தீங்கு நேர்கிறது. பிரமாதம் என்பது தீய எண்ணம் மட்டுமன்று. கருத்தின்மையும் சோர்வும் பிரமாதமே. நல்லெண்ணம் கொண்டவன் சோர்வுபட மாட்டான் என்று எந்நூல் சொல்லியது? அறம் செய்கிறோம் என்னும் மனநிறைவே சோர்வுக்குத் தாயாவதை நாம் அன்றாடம் காண்கிறோம். தொழுவம் கட்டியவர் பெயர் சலவைக்கல்லில் பொலிவோடு இருக்கும். உள்ளே தண்ணீர்த் தொட்டி வறண்டிருக்கும்.

பிற்கால உரைகாரர்கள் இவ்வினாவை உழவன் நிலையில் நின்று ஆராய்ந்திருப்பது வியப்புக்குரியது. கட்டுதலைப் பயன் கருதியது, பயனற்றது என இரண்டாகப் பகுத்தனர். பயனற்ற கட்டு எவ்வகையிலும் ஆகாது. பயன் கருதியதையும் மீண்டும் இரண்டாக்கினர்: அவ்வுயிரின் நலத்தை எண்ணிக் கட்டுவது, எண்ணாது கட்டுவது. அசையவும் இயலாதபடி இறுக்கிக் கட்டுவது எண்ணாத கட்டு. தளர்ந்த முடிச்சிட்டு, தீப்பற்றினால் உடனே அவிழ்க்கவோ அறுக்கவோ கூடியவாறு கட்டுவது எண்ணிய கட்டு. கட்டாமலே உடன் நிற்கக்கூடிய உயிர்களையே இல்லறத்தான் வளர்ப்பது நன்று என்றும் சேர்த்துக் கூறினர். வைக்கோற்போர் அருகே மாடு கட்டி, நள்ளிரவில் தீயைக் கண்டு ஓடிய அனுபவம் உடையவர்களே இப்படி எழுதியிருக்க இயலும். தென்னாற்காடு, வடாற்காடு மாவட்டங்களில் உழவுத் தொழிலில் வழிவழி வந்த நம் முன்னோர்க்கு இவ்விதியை விளக்கிச் சொல்லத் தேவை இருந்திராது. அடுக்குமாடியில் வாழும் நமக்கே விளக்கம் தேவைப்படுகிறது.

இங்கே மற்றொரு சொல்லையும் அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கொன்னூர் நெடுஞ்சாலைக்கு அதிகத் தொலைவில் இல்லாத கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் இயங்கிவரும் மனநல மருத்துவமனைக்கு முதலில் வழங்கிய ஆங்கிலப் பெயரில் ‘அசைலம்’ என்னும் சொல் இருந்தது. 1922-இல் அது நீக்கப்பட்டு மருத்துவமனை என்றாயிற்று. அசைலம் என்பது கிரேக்கச் சொல். ‘சூலோன்’ என்றால் பற்றிச் செல்லும் உரிமை. முன்னுள்ள ‘அ’ அதன் மறுதலை. எவரும் கை வைத்துப் பற்றலாகாத புகலிடம் என்பதே பொருள். அகிம்சையில் உள்ள ‘அ’வும் அசைலத்தில் உள்ள ‘அ’வும் ஒரே மூலத்தின் கிளைகள் என்பர் மொழிநூலார். அத்தகைய உயர்ந்த சொல், காலப்போக்கில் அடைத்து வைக்கும் இடத்தின் பெயராகி, ‘கீழ்ப்பாக்கம்’ என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஏளனமாகும் அளவுக்குத் தாழ்ந்தது. பிஞ்சராப்போலோ கூண்டில் பிறந்து புகலிடமாக உயர்ந்தது. ஒரு சொல் இறங்கி வந்தது. மற்றொன்று ஏறிச் சென்றது. பெயர்ப்பலகையை மட்டும் படித்தவன் இரண்டு இடங்களையும் பற்றித் தவறாகவே எண்ணியிருப்பான்.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இவ்விடைவெளியை நம் தருக்க நூலார் அன்றே கண்டு, பொருளை அணுகும் நயங்கள் ஏழனுள் இரண்டைச் சொற்பிறப்புக்கென்றே ஒதுக்கினர். சமபிரூட நயம் ஒருபொருட் பலசொற்களைப் பிறப்பால் வேறுபடுத்திக் காண்பது. ஏவம்பூத நயமோ இன்னும் கடுமையானது. சொல்லின் பிறப்பு எத்தொழிலைக் குறிக்கிறதோ, அத்தொழில் நிகழும் கணத்தில் மட்டுமே அப்பெயர் அப்பொருளுக்கு உரியது என்பது அது. பூஜ்யபாதர் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு பசுவே ஆகும். ‘கோ’ என்னும் வடசொல் செல்லுதல் என்னும் வினையினின்று பிறந்தது என்பது அவர் கொண்ட முறை. எனவே நடந்து செல்லும்போதுதான் அது கோ; நிற்கும்போது அன்று, கிடக்கும்போதும் அன்று என்கிறார்.

பள்ளியில் படித்த நாளில் இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆனால் பந்தத்துக்கு அவரே தந்த இலக்கணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செல்வதால் அது பசு. செல்வதைத் தடுப்பது பந்தம். ஒரே ஆசிரியரின் ஒரே உரையில் இரு வேறு இடங்களில் உள்ள இக்கருத்துகள் ஒன்றையொன்று தொடுகின்றன. முளைக்குச்சியில் ஓரடிக் கயிற்றில் ஆண்டுக்கணக்காக நிற்கும் மாட்டுக்கு நாம் உணவிடுகிறோம், மருந்திடுகிறோம். அதன் உயிரைக் காத்தோம் என்பதில் ஐயமில்லை. ஏவம்பூத நயத்தின்படி அங்கே பசுவைக் காத்தோமா என்பதே வினா. இது முடிந்த முடிபன்று. ஒரு நயம் மட்டுமே. ஏனைய நயங்களின்படி நிற்பதும் பசுவே. ஒரு நயத்தையே பற்றிக்கொண்டு பிறவற்றை மறுப்பது ஏகாந்தம் என்னும் குற்றமாகும். ஆனால் நமக்கு இடரான நயத்தை மட்டும் விலக்கி வைப்பதற்குப் பெயர் அநேகாந்தம் ஆகிவிடாது.

இன்றைய நிலையைக் காண்போம். 2023 ஆகஸ்டில் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பிய சிறுமி ஒருத்தியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காட்சியைத் தமிழகமே கண்டு பதைத்தது. அதன்பின் தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைப்பதை மாநகராட்சி கடுமையாக்கிற்று. தண்டத்தொகையை 2024-இல் 10,000 ரூபாய் ஆக்கிற்று. 2011 முதல் அம்பத்தூரும் அம்மாநகராட்சியின் பகுதியே. நாய்களைப் பற்றியோ 2025 ஆகஸ்டு 11-இல் உச்சநீதிமன்றம், தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு ஆணையிட்டது. ஆகஸ்டு 22-இல் அதனைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின், வெறியும் மூர்க்கமும் உடையவை தவிர ஏனையவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுமாறு பணித்தது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களினின்று அகற்றப்படும் நாய்களைத் திரும்ப அங்கு விடலாகாது என்றது. மூன்று மாதத்துக்குள் மூன்று நிலைகள். நீதிபதிகளைக் குறை கூற நாம் இதனைச் சொல்லவில்லை. குழந்தையின் உயிர் ஒருபுறம், வாயில்லா உயிர் மறுபுறம் என்னும்போது, எவர் நாற்காலியில் அமர்ந்தாலும் தராசு ஆடத்தான் செய்யும். 1926-இல் ஆமதாபாத்தில் ஆலை உரிமையாளர் ஒருவர் அறுபது நாய்களைக் கொல்லச் செய்தபோது, காந்தியடிகள் அவர் பக்கம் நின்று பல வாரங்கள் எழுதி, கண்டனக் கடிதங்களைக் குவித்துக் கொண்டார். பொறுப்பேற்க எவரும் இல்லாமல் தெருநாய்க்குச் சோறு போடுவது கருணையாகாது, வேண்டுமானால் பிஞ்சராப்போல் போன்ற நிலையம் அமைத்துப் பேணுங்கள் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. கொலையை ஒப்பிய அவர் முடிவை நாம் ஏற்பதற்கில்லை. பொறுப்பில்லாத அருள் அருளாகாது என்ற பகுதியை மறுக்கவும் வழி தெரியவில்லை.

அப்பொறுப்பு யாருடையது? பசு பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழவல்லது. கறவைத் தொழிலில் அதற்குப் பயன் அக்காலத்தில் ஏறத்தாழப் பாதியே. எஞ்சிய ஆண்டுகளுக்கு அதன் தீவனச் செலவைத் தாங்கும் வலிமை, இரண்டு மாடு வைத்துத் தெருவில் பால் ஊற்றும் குடும்பத்துக்கு இல்லை. ஆணாகப் பிறந்த கன்றுக்கு முதல் நாள் தொட்டே இடமில்லை. விடியுமுன் நம் வாயிலுக்கு வரும் பால், அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து உறையில் வந்தாலும், எங்கோ ஒரு கொட்டிலில் இக்கணக்கு நடந்தே வருகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றையும் ஒன்றாகவே எண்ணும் நெறி நம்முடையது. கறவை நின்ற பசுவைத் தெருவில் விட்டவனைத் திட்டும்போது, அவனிடம் பால் வாங்கியவர் யார் என்னும் வினாவும் எழும். பிஞ்சராப்போலுக்கு அனுப்பும் தொகையைத் தானம் என்று எழுதுவதைவிடக் கடன் என்று எழுதுவதே கணக்குக்குப் பொருந்தும். டிரம்மண்டு குறித்த ‘பெயரளவிற்கு’ என்னும் சொல் அந்நாளைய குசராத்து வணிகரை மட்டும் சுட்டுவதாக எண்ணிவிட்டு, நாம் அமைதி கொள்வதற்கில்லை. பற்றுச்சீட்டு பெற்று மீளும் கொடையில் பெயரும் தொகையும் மட்டும் இருக்கும். பெயர், படிவம், திரவியம், பாவம் என்னும் நான்கு நிட்சேபங்களுள் அது முதலாவதோடு நின்றுவிடுகிறது.

மாட்டை விட்டு மனிதரிடம் வந்தால் வினா இன்னும் கூர்மையாகிறது. மறதிநோய் கண்ட முதியவர் வெளியே போய்விடக்கூடாதென்று இரும்புக் கதவைப் பூட்டி வேலைக்குச் செல்லும் மகனும் மருமகளும் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கொடியவர் என்று எவர் சொல்வார்? பூட்டாவிட்டால் பெரியவர் நெடுஞ்சாலையில் நிற்பார். ஆயினும் தீப்பற்றினால் அவிழும் முடிச்சைப் பற்றி உரைகாரர் சொன்னது அக்கதவுக்கும் பொருந்தும். அண்டை வீட்டில் ஒரு திறவுகோல் இருக்கிறதா? மாலையில் கையைப் பிடித்துத் தெருமுனை வரை அழைத்துச் செல்ல எவரேனும் உண்டா? கட்டு வேண்டியதாயிற்று என்பது மெய்யாகலாம். எத்துணை நீளக் கயிறு என்பது அப்போதும் நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பழைய அறங்களில் கூண்டு காணப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. முப்பத்திரண்டு அறங்கள் என்று எண்ணப்படுவனவற்றுள் பசுவுக்கு வாயுறை உண்டு. விலங்குக்கு உணவு உண்டு. விலை கொடுத்து உயிர் காத்தல் உண்டு. ஏறு விடுத்தல் உண்டு. ஆவுரிஞ்சு கல் நாட்டுதலும் உண்டு. மேய்ச்சல் வெளியில், நீர்நிலைக் கரையில், மாட்டின் தோளுயரத்துக்கு நட்ட கல் அது. தினவெடுத்த பசு தானாக வந்து உரிஞ்சிக் கொள்ளும். பின் தானாகச் செல்லும். நட்டவனை அது அறியாது. அவனும் அதைக் கட்டுவதில்லை. மேய்ச்சல் வெளிகள் மனைகளாகி, ஏரிக்கரைகள் சாலைகளாகிவிட்ட பின்னர் அவ்வறம் மட்டும் தனித்து நிற்க இயலாது. ஆகவே பிஞ்சராப்போல் வேண்டியதாயிற்று. ஆயினும் அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களிலோ, நம் முன்னோர் ஊர்களாகிய வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளிலோ ஆவுரிஞ்சு கல் இன்றும் எங்கேனும் நிற்குமாயின், அல்லது முதிய மாடுகளை ஊரார் சேர்ந்து பேணிய இடத்துக்குத் தனித் தமிழ்ப்பெயர் வழங்கியிருக்குமாயின், அவற்றை அறிந்த பெரியோர் ஊர்ப்பெயருடன் ஆசிரியர் குழுவுக்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம்.